படத்தில் விரல் வைத்துச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு முற்றத்தில் அப்பத்தாவை உட்காரவைத்து எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். எங்கள் போட்டோ குழுவில் காட்டினேன். பாதிப் பேர் ‘சூப்பர்’ என்றார்கள். ஒருவர் ‘முகமெல்லாம் சுருக்கம், ஸ்மூத் பண்ணுங்க’ என்றார். மூத்தவர் ஒருவர் ‘உயிர் இல்லை’ என்று முடித்துவிட்டார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? மற்றவர் படத்துக்கு நான் என்ன சொல்வது என்பதும் பிடிபடவில்லை.

– ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

‘சூப்பர்’ என்றவர்களுக்கு நன்றி சொல்லிவிடுங்கள், அது உங்கள்மேல் உள்ள பிரியம். ‘உயிர் இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு நாளைக்கு எதை மாற்றுவீர்கள்? விமர்சனம் என்றால் படத்தில் ஓரிடத்தில் விரல் வைத்துச் சொல்ல வேண்டும்.

நான் விரல் வைப்பது கண்களில். உச்சி வெயில் முற்றத்தில் நேராக இறங்கியிருக்கிறது. இரண்டு கண்ணும் புருவத்து நிழலுக்குள் போய்விட்டன, விழியில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. மூத்தவருக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும். வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், பெரியவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. அப்பத்தாவைத் தாழ்வாரத்துத் தூணோரம் முற்றத்தைப் பார்க்க உட்காரவையுங்கள். தலைக்கு மேல் கூரை வந்துவிடும், வானத்து வெளிச்சம் முன்னாலிருந்து கண்ணில் விழும். அப்புறம் அந்த வெள்ளைச் சுவர். அதைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்ததில் முகம் கறுத்துவிட்டது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்கள், ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. தாடைக்குக் கீழே லேசான சிவப்பு, வெயில் பட்ட தரையின் சிவப்பு ஆத்தங்குடிக் கல்லிலிருந்து ஏறியது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

‘ஸ்மூத்’ சமாச்சாரம் ஒன்றும் புதிதில்லை. பழைய வீடுகளில் முன்பக்கம் சாய்த்து மாட்டியிருக்கும் ஐயாக்களின் படங்களைப் பாருங்கள். நெகட்டிவில் பென்சில் தீட்டிச் சுருக்கத்தை மறைப்பது அந்தக் கால ஸ்டுடியோக்களில் அன்றாட வேலை. அவை சுவரில் மாட்டுவதற்கென்றே எடுத்தவை. உங்கள் படம் எதற்கு? குழுவில் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அவரவர் மனசில் இருக்கும் படத்தைத்தான் உங்களிடம் கேட்பார்கள்.

மற்றவர் படத்துக்கும் இதையே முதலில் கேளுங்கள். பிறகு உங்கள் கண் எங்கே போனது, எங்கே இடறியது என்று சொன்னால் போதும். படத்தில் இருப்பவரின் நிறம், பல், உடம்பு பற்றி வாய் திறக்க வேண்டாம், அவர் உங்களிடம் அபிப்பிராயம் கேட்டு வரவில்லை. உங்கள் படத்தைப் பேசும்போது ‘அன்னைக்கு லைட்டு சரியில்லை’ என்று குறுக்கே போகாதீர்கள். படம் பார்க்கிற எல்லோரிடமும் போய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

சரி, அப்பத்தாவிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனி எங்கே போடுவதானாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.