பிள்ளைகளுக்கு நோர்வே மொழிப் புத்தகம் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: இணையக் கடையில் 'ஹுல்லே' என்ற படப்புத்தகம் வாங்கினேன். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை நடுவில் ஓர் ஓட்டை. முழு விலை கொடுத்திருக்கிறேன். பழுதான பொருள் என்று முறையிடலாமா?
– ஸ்தவாங்கர்

பதில்: முடியாது. ஒய்விந் தோர்செத்தரின் அந்தப் புத்தகம் 2012இல் வெளியானதே ஓட்டையோடுதான். புது வீட்டுக்குக் குடிவந்த ஒருவர் அங்கே ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார், கதை அதன் பின்னால் ஓடுகிறது. இணையத்தில் வாங்கியதால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அதற்குமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: மகள் ஒஸ்லோவில் நான்காம் வகுப்பு. மரியா பர் எழுதிய 'வாஃபல்யார்த்தே' வாங்கிக் கொடுத்தேன். 'நான்' என்பதற்கு 'யெய்' என்று வர வேண்டிய இடமெல்லாம் 'ஏக்' என்று இருக்கிறது. இவ்வளவு எழுத்துப் பிழையுள்ள புத்தகத்துக்குப் பதிப்பகம் பணம் திருப்பித் தருமா?

பதில்: தராது, ஏனென்றால் அதில் பிழை இல்லை. அது நீநொஷ்க். நோர்வேயில் எழுத்து மொழி இரண்டு. உங்கள் மகள் பள்ளியில் படிப்பது பூக்மோல். மற்றதும் 1885 முதல் சம உரிமை பெற்ற மொழி, மேல்வகுப்பில் உங்கள் மகளும் அதைப் படித்தே ஆக வேண்டும். கடையில் முதல் பக்கத்தைப் புரட்டியிருந்தால் இது தெரிந்திருக்கும். புத்தகம் வாங்குகிறவர் ஒரு பக்கம்கூட வாசிக்காமல் பணத்தை எடுத்து நீட்டுவது எனக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்காதீர்கள். திரில்லெ என்ற சிறுவனும் பக்கத்து வீட்டு லேனாவும் ஒரு கடற்கரைக் கிராமத்தில் செய்யும் அட்டகாசமும், பாட்டி முறையான கிழவியின் சாவும் அடங்கிய அந்தக் கதையை இரவில் நீங்கள் உரக்க வாசித்தால் மகளுக்கு மொழி ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கேள்வி: குழந்தை பிறந்து சில மாதம். ஒரு பெண் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லி, நான்கு தடித்த அட்டைப் புத்தகங்கள் இலவசம், தபால் செலவு மட்டும் என்றார். சரி என்றேன். இப்போது மாதந்தோறும் பொதி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 300 குரோனருக்கு மேல் பில். கட்டவில்லை. கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்துவிட்டது. இரவில் தூக்கம் வருவதில்லை.
– திரொண்ஹைம்

பதில்: தங்கையே, முதலில் பயத்தை விடுங்கள். விற்பவர் தானாக அழைத்திருந்தால், தொலைபேசியில் நீங்கள் சொன்ன 'சரி' நோர்வேச் சட்டப்படி உங்களைக் கட்டாது. நீங்கள் எழுத்தில் ஏற்றால்தான் ஒப்பந்தம் செல்லும். ஆனால் அழைப்புக்குப் பிறகு வந்த குறுஞ்செய்திக்கு 'யா' (ஆம்) என்று பதில் அனுப்பினீர்களா என்று தேடிப் பாருங்கள். அதுவும் எழுத்துதான்.

அனுப்பவில்லை என்றால், 'எழுத்தில் நான் எதையும் ஏற்கவில்லை, இந்தக் கோரிக்கையை மறுக்கிறேன்' என்று விற்றவருக்கும் வசூல் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். கடிதத்தில் உள்ள கெடு முடியுமுன் அனுப்ப வேண்டும். நகலை வைத்திருங்கள். 'யா' அனுப்பியிருந்தால் இன்றே அந்தப் புத்தகக் கழக உறுப்புரிமையை எழுத்தில் நிறுத்துங்கள். 14 நாள் விலகல் உரிமையைப் பற்றி அவர்கள் முறையாகத் தெரிவிக்காமல் விட்டிருந்தால் அந்தக் காலம் மேலும் 12 மாதம் நீளும். எப்படியானாலும் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பிணக்குத் தீரவில்லை என்றால் ஃபோர்ப்ரூக்கர்தில்சீனே என்ற நுகர்வோர் மேற்பார்வை அலுவலகம் கட்டணமின்றிச் சமரசம் பேசும்.

இந்த வியாபாரத்தின் மேல் எனக்குள்ள கோபம் பழையது. பிரசவக் களைப்பில், தூக்கமில்லாமல் இருக்கிற தாயைத் தேடிப் பிடித்து, 'இலவசம்' என்பதை முதலில் சொல்லி, 'வேண்டாம் என்று நீங்கள் சொல்லாத மாதமெல்லாம் அனுப்புவோம்' என்பதைக் கடைசியில் வேகமாகச் சொல்லி முடிக்கிறார்கள். புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுவதே இல்லை. பொதியில் வரும் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள் அல்ல. ஒரே கரடி, ஒரே குளியல் தொட்டி, ஒரே 'நல்லிரவு' என்று மூன்று மாதம் தொடர்ந்து வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் ஒவ்வொரு கொம்யூனும் (உள்ளாட்சியும்) பொது நூலகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரவல் இலவசம். 1965இல் தொடங்கிய அரசுக் கொள்முதல் திட்டத்தில் இன்று சிறுவர் நூல்களும் அடங்கும். தேர்வாகும் ஒவ்வொரு சிறுவர் நூலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளைக் கலாசார மன்றம் வாங்கி நூலகங்களுக்கு அனுப்புகிறது. நீங்கள் 300 குரோனர் கட்டுகிற அதே தரத்துப் புத்தகம் நடந்துபோகும் தூரத்தில் தட்டில் இருக்கிறது. ஒரு மாதம் எடுத்து வந்து பாருங்கள், குழந்தை எதைக் கடிக்கிறது, எதைத் திரும்பத் திரும்ப நீட்டுகிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒன்றை வாங்குங்கள். பிரொன்னொய்சுந்த் என்ற ஊரில் உள்ள அரசுப் பதிவேட்டில், விற்பனை அழைப்பு வேண்டாம் என்று உங்கள் இலக்கத்தைப் பதிந்தால் இப்படியான விற்பனை அழைப்புகளும் பெரும்பாலும் நிற்கும்.

கேள்வி: பேத்திக்குச் சீரி பெத்தெர்ஷனின் 'ரோத்தா' வாங்கினேன். ஒன்றும் புரியவில்லை என்கிறாள்.

பதில்: அது மூன்று பாகத்தில் இரண்டாவது, ஐயா. 'ஊதின்ஸ்பார்ன்' முதலில்.

கேள்வி: அக்டோபரில் 399 குரோனர் கொடுத்து வாங்கிய இளையோர் நாவல் பெப்ரவரி மலிவு விற்பனையில் 99. கடை என்னை ஏமாற்றிவிட்டதா?
– பெர்கன்

பதில்: இல்லை. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புத்தகச் சட்டப்படி, வெளியான நாளிலிருந்து 12 மாதம் பதிப்பகம் வைத்த விலைதான் விலை. அதுவரை கடை கடையாக ஏறி இறங்கியும் பெரிய பயனில்லை. கெடு முடிந்ததும் விலை விழலாம். உள்ளே, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் வெளியான ஆண்டு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதா வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகனுக்குக் கடையில் 'சின்னா மான்' (கோபக்கார மனிதன்) என்ற படப்புத்தகம் வாங்கினேன். அப்பா கோபத்தில் தீயாக எரிகிறார், அம்மா அடிபடுகிறார். பிள்ளை அழுதுவிட்டான். இதைச் சிறுவர் தட்டில் வைத்து விற்கலாமா?

பதில்: விற்கலாம், விற்கவும் வேண்டும். குரோ தாலெ எழுதி ஸ்வைன் நீஹுஸ் வரைந்த அந்த நூல் 2003இல் வந்தது. அடிக்கிற அப்பாவைப் பற்றி வெளியில் சொல்லக் கூடாது என்று பழகிய 'போய்' (Boj) என்ற சிறுவன் கடைசியில் அரசருக்கே கடிதம் எழுதுகிறான். தவறு உன்னுடையது அல்ல, சொல்லலாம் என்று பிள்ளைக்குச் சொல்லும் புத்தகம் அது. ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டியது, தனியாகக் கையில் கொடுக்க வேண்டியது அல்ல. நோர்வேப் படப்புத்தகங்கள் சாவையும் பயத்தையும் ஒளிப்பதில்லை. ஸ்தியான் ஹூலெயின் படப்புத்தகத்தில் வரும் சிறுவன் கார்மன் பள்ளி தொடங்கும் பயத்தில் இருக்கிறான், அவனுடைய கிழட்டு அத்தைகள் சாவுக்குப் பயப்படுகிறார்கள். 2007இல் இத்தாலியின் பொலோஞா சிறுவர் நூல் கண்காட்சியில் பரிசு பெற்ற புத்தகம் அது. படப்புத்தகத்தைக் கடையிலேயே நின்று முழுதாக வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

நேரில் வாங்கியதற்கு 14 நாள் உரிமை கிடையாது. பழுதில்லாத பொருளை மாற்றித் தருவது கடையின் விருப்பம். பரிசுக்கு வாங்கும்போது மாற்றுச் சீட்டு ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: இணையச் சந்தையில் ஒருவரிடம் 'புதியது போன்ற 40 சிறுவர் நூல்கள்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பினேன். வந்தவை நூலக முத்திரை குத்திக் கழித்தவை. பாதிக்குமேல் கிழிசல். 'பார்த்தபடியே விற்பனை' என்று போட்டிருந்தேனே என்கிறார்.
– ஒலெசுன்ட்

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். 'பார்த்தபடியே' என்று எழுதினாலும் விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருள் மாறியிருந்தால் அது குறைபாடுதான். தனியாருக்கு இடையிலான விற்பனைக்கும் இது பொருந்தும். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், முத்திரைகளையும் கிழிசல்களையும் படமெடுங்கள், தாமதிக்காமல் எழுத்தில் முறையிடுங்கள். மேலே சொன்ன அலுவலகம் தனியார் விற்பனைப் பிணக்கையும் எடுக்கும்.

கேள்வி: 15 வயது மகன் எதையும் வாசிப்பதில்லை. அழகான பெட்டித் தொகுப்பு ஒன்று பார்த்தேன், வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் ஒருமுறை அப்படி ஒரு பெட்டி வாங்கினேன். ஒட்டிய தாளால் சுற்றப்பட்டிருந்ததால் கடையில் திறந்து பார்க்க விடவில்லை. வீட்டில் திறந்தால் முழுக் கதைகளுக்குப் பதிலாகப் பாதியாக வெட்டிய சுருக்கங்கள். சுருக்கம் என்று வெளியில் எங்கும் எழுதவில்லை. இன்னும் மனம் ஆறவில்லை. நூலகத்திலிருந்து குல்ரைஸ் ஷரிஃபின் 'ஹோர் ஹேரா' (2020) எடுத்து வாருங்கள். பாகிஸ்தானிலிருந்து வந்த மாமாவுக்கு ஒஸ்லோவைச் சுற்றிக் காட்டும் மஹ்மூதும் உங்கள் மகன் வயதுக்காரன்தான், உங்கள் மகனின் நண்பர்கள் பேசுவதுபோலவே பேசுகிறான். பிடித்தால் அந்த ஒரு புத்தகத்தை வாங்குங்கள்.

கேள்வி: இங்கே தமிழ்ப் புத்தகம் எங்கே வாங்குவது?
– ஹம்மர்ஃபெஸ்ட்

பதில்: வாங்குமுன் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகத்தில் தமிழ் நூல்களும் உண்டு. உங்கள் ஊர் நூலகம் வழியாக வரவழைக்கலாம், கட்டணம் இல்லை.