ஹனிமூனுக்கு மாலைதீவா?

கேள்வி: தையில கலியாணம். அவர் ஹனிமூனுக்கு மாலைதீவு போவம் எண்டுறார். செலவு தாங்குமா அக்கா? – புதுப்பொண்ணு, உப்புவெளி

பதில்: நிலாவெளிக் கடலைப் பக்கத்தில வச்சுக்கொண்டு இன்னொரு கடல் பார்க்கப் போறீங்க! சரி, போங்கோ தங்கச்சி. விசா தலையிடி இல்ல, மாலே ஏர்போர்ட்டிலயே 30 நாளுக்கு காசில்லாம குத்தித் தருவாங்கள், ஆனா பயணத்துக்கு முந்தின 96 மணித்தியாலத்துக்குள்ள இமுகா எண்ட பயணி விவர ஃபோர்மை ஒன்லைன்ல நிரப்பிடணும். ரிசோர்ட்டில ஒரு ராத்திரியே கையைக் கடிக்கும், அதால மாஃபுஷி மாதிரி ஊராக்கள் இருக்கிற தீவில கெஸ்ட்ஹவுஸ் எடுங்கோ, மாலேயில இருந்து ஃபெரி இருக்கு, வெள்ளிக்கிழமையில மட்டும் அந்த ஃபெரியை நம்பாதீங்கோ. நீச்சலுடுப்புக்கு அங்க தனிக் கடற்கரை, ஊருக்குள்ள மூடித்தான் திரியணும். மற்றது, புதுப் பொஞ்சாதி எண்ட சந்தோசத்தில அவர் தன்ட பேரைச் சேர்த்து உங்களுக்கு டிக்கட் போட்டிடுவார், விடாதீங்கோ, பாஸ்போர்ட்டில என்ன பேரோ அதேதான் டிக்கட்டிலயும்.