புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பாயிண்ட் அண்ட் கிளிக் சாகச விளையாட்டை முதலில் ஆடலாம்?

இந்த வகை விளையாட்டுகளை இதுவரை தொட்டதே இல்லை, எதில் தொடங்கலாம், நடுவில் வழி தெரியாமல் நின்றுவிட்டால் இணையத்தில் விடையைப் பார்ப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷினேரியத்தில் தொடங்குங்கள், அது பிடித்துப்போனால் அடுத்து டே ஆஃப் த டென்டக்கிள் ஆடுங்கள். இந்த வகையில் நல்ல விளையாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் நீண்ட பட்டியல் ஒன்றைத் தருவது எளிது. ஆனால் புதியவர் ஒருவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, கதை, ஓவியம், இசை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் ஒன்றைப் பார்க்கிறேன்: ஆடுபவர் சிக்கி நிற்கும் நேரத்தில் அந்த விளையாட்டு அவரை எப்படி நடத்துகிறது? சிக்கி நிற்காமல் இந்த விளையாட்டுகளை ஆடி முடிக்க யாராலும் முடியாது. அந்த நேரத்தில் யோசிக்க ஆசை வருகிறதா, மூடிவைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆடும் முறை மிக எளிது. திரையில் ஓர் இடம் தெரியும். அங்குள்ள பொருள்கள் மீதும் மனிதர்கள் மீதும் மவுஸால் கிளிக் செய்தால் நம் பாத்திரம் அருகில் போகும், பார்க்கும், எடுக்கும், பேசும். எடுத்தவை ஒரு பையில் சேரும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தோ, வேறோர் இடத்தில் பயன்படுத்தியோ கதையை முன்னே நகர்த்த வேண்டும். விரல் வேகம் ஏறக்குறைய எங்குமே தேவைப்படாது. சுடும் விளையாட்டுகளில் கை ஓடாமல் ஒதுங்கிக்கொண்ட சிலர் இதில் மணிக்கணக்காக ஆழ்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய விளையாட்டுகளை வரிசையாக ஆடிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். 1984இல் சியெரா நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் குவெஸ்ட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆடுபவர் விசைப்பலகையில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. நாம் நினைக்கும் சொல்லும் கணினிக்குத் தெரிந்த சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் காரியம் நடக்கும். 1987இல் வந்த மேனியாக் மேன்ஷனில் திற, எடு, தள்ளு, கொடு போன்ற வினைச்சொற்களே திரையின் அடிப்பகுதியில் எழுதிவைக்கப்பட்டு, கிளிக் செய்தால் போதும் என்ற நிலை வந்தது. தட்டச்சுத் தொல்லை அதோடு தீர்ந்தாலும் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று அக்கால விளையாட்டுகள் பலவற்றில் மிச்சமிருந்தது. 1990இல் வெளிவந்த கிங்ஸ் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிகளுக்குள் பூனை மீது எதையாவது எறிந்து எலியைக் காப்பாற்றாவிட்டால், பிற்பாடு ஒரு விடுதியின் நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து அறுக்க அந்த எலி வராது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். காரணம் எங்கோ பின்னால் கிடக்கிறது என்பதை விளையாட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. ஆட்டத்தை முன்பே சேமித்துவைத்த பழைய சேவ் கோப்பு இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதைப் போன்ற இந்த நிலையைப் புதியவர் ஒருவர் ஏன் அனுபவிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இதை எதிர்த்து முதலில் தெளிவாகப் பேசியவர்களில் ஒருவர், மேனியாக் மேன்ஷனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ரான் கில்பர்ட். சாகச விளையாட்டுகள் ஏன் மோசமாக இருக்கின்றன என்று 1989இல் அவர் எழுதிய கட்டுரையில் சொன்னவை இன்றும் நான் ஒரு விளையாட்டை எடைபோடும் அளவுகோலாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பிரச்சினை கண்ணில் படும் முன்பே அதன் தீர்வு கையில் கிடைத்துவிடக் கூடாது என்பது. முதலில் பள்ளத்தைப் பார்க்க வேண்டும், இறங்குவது எப்படி என்று தவிக்க வேண்டும், அதன் பிறகு எங்கோ ஒரு கயிற்றைக் கண்டால் மனம் துள்ளும். கயிறு முதலில் கையில் இருந்து பள்ளம் பிறகு வந்தால் அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இருப்பதை எடுத்துப் பயன்படுத்தியதோடு சரி. அடுத்த ஆண்டே வெளிவந்த அவருடைய த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்டில் ஆடுபவர் வழியடைபட்டு நிற்கும் முட்டுச்சந்துகள் கிடையாது, சாவும் அநேகமாகக் கிடையாது.

அந்த விளையாட்டின் வாள்சண்டையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் வெற்றி தோல்வியை முடிவு செய்வது வாள் வீச்சு கிடையாது. எதிராளி ஒரு வசையை வீசுவான், அதற்குச் சரியாகப் பொருந்தும் பதில் வசையைச் சொன்னால் நாம் ஓரடி முன்னேறுவோம், சொல்லத் தெரியாவிட்டால் பின்வாங்குவோம். தொடக்கத்தில் நமக்கு எதுவுமே தெரியாது. வழியில் எதிர்ப்படும் கடற்கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் அவர்களுடைய வசைகளைக் கற்க முடியும். கற்ற வசையை இன்னொருவனிடம் வீசி, அவன் சொல்லும் பதிலைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் தீவின் வாள் தலைவியிடம் போய் நின்றால், அவள் நாம் கேட்டே இராத புதிய வசைகளை அடுக்குகிறாள். ஒரு கணம் திகைத்துப் போவோம். பிறகு, நாம் சேர்த்துவைத்த பழைய பதில்களே அந்தப் புதிய வசைகளுக்கும் வேறொரு கோணத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பது விளங்கும். தோற்பதே கற்பதாகவும், கற்றதைப் புரிந்து மாற்றிப் பயன்படுத்துவதே வெல்வதாகவும் அமைந்த இந்தப் புதிருக்கு இணையாக நான் ஆடியவற்றில் வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அதையே முதலில் பரிந்துரைக்கலாமே என்று கேட்பீர்கள். அதன் நகைச்சுவையும் பல புதிர்களும் ஆங்கிலச் சொல்விளையாட்டின் மீது நிற்கின்றன. அந்த மொழியில் தங்குதடையின்றிப் புழங்குபவர் என்றால் 2009இல் வந்த சிறப்புப் பதிப்பைத் தாராளமாக முதல் விளையாட்டாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு மெஷினேரியம்தான் சரியான வாசல்.

செக் குடியரசைச் சேர்ந்த அமானிட்டா டிசைன் குழு 2009இல் வெளியிட்ட மெஷினேரியத்தில் உரையாடல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. துருப்பிடித்த இயந்திர நகரம் ஒன்றில், குப்பையாகத் தூக்கி எறியப்பட்ட சிறிய ரோபோ ஒன்று தன்னைத் தானே பொருத்திக்கொண்டு ஊருக்குள் நுழைகிறது. அதன் நினைவுகளும் மற்றவர்களின் வேண்டுகோள்களும் தலைக்கு மேல் எழும் குமிழிகளில் கோட்டோவியங்களாக ஓடுகின்றன. புதியவர்களுக்கு இதை நான் கொடுப்பதற்கு இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ரோபோ நிற்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டும் பொருள்களை மட்டுமே நாம் இயக்க முடியும். உயரத்தில் இருப்பதை எட்ட உடலை நீட்ட வேண்டும், தாழ்வில் இருப்பதற்குச் சுருக்க வேண்டும். ஆகவே திரை முழுவதும் மவுஸைத் தேய்த்து எங்காவது ஏதாவது மாட்டுகிறதா என்று தேடுவது இங்கே பலிக்காது. எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்று யோசித்தாக வேண்டும்.

சிக்கி நிற்பவரை அது நடத்தும் விதமும் அழகானது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மின்விளக்குக் குறியீடு உண்டு. அதைத் தொட்டால் அந்த இடத்தில் எதைச் சாதிக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு குமிழி காட்டும். அதுவும் போதாதென்றால், அந்த இடத்தின் முழு விடையும் படங்களாக வரையப்பட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்க, ஒரு சாவியைச் செலுத்திக்கொண்டு சிலந்திகளைச் சுட்டபடி போகும் சலிப்பூட்டும் சிறு விளையாட்டை முடித்தாக வேண்டும். விடையை மறுக்கவும் இல்லை, வாரி இறைக்கவும் இல்லை. அந்தச் சிறு விளையாட்டை ஆடும் அலுப்புக்கு இன்னும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமே என்று பெரும்பாலும் திரும்பிவிடுவோம், திரும்பியதும் விடையும் தட்டுப்படும்.

டே ஆஃப் த டென்டக்கிள் 1993இல் வந்தது. 2016இல் படங்களைப் புதிதாக வரைந்து மீண்டும் வெளியிட்டார்கள், அந்தப் பதிப்பையே ஆடுங்கள். ஒரே வீட்டில் மூன்று நண்பர்கள், ஒருவர் இன்றைய காலத்தில், ஒருவர் இருநூறு ஆண்டுக்கு முன்னால், ஒருத்தி இருநூறு ஆண்டுக்குப் பின்னால் சிக்கியிருக்கிறார்கள். அதில் வரும் ஒரு புதிரை மட்டும் விடையோடு சொல்கிறேன். விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள். எதிர்காலத்தில் இருக்கும் லவர்ன் ஒரு மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்குகிறாள். அதே மரம் கடந்த காலத்திலும் நிற்கிறது, அருகில் உள்ள வீட்டில் ஜார்ஜ் வாஷிங்டனும் இருக்கிறார். அந்த மரத்தின் பழங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டால், செர்ரி மரம் என்று எண்ணி அவர் அதை வெட்டிவிடுவார். வெட்டிய கணமே எதிர்காலத்தில் மரம் மறைந்து லவர்ன் தரையில் விழுந்து விடுபடுவாள். விடை தெரிந்ததும் சிரிப்பு வருகிறது, கூடவே இதைத் தவிர வேறு எப்படி இருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டியதாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கதையைக் கேட்டிராதவருக்கு இந்த முடிச்சு அவிழ்வது கடினம். அப்படிப்பட்ட இடத்தில் குறிப்பைப் பார்ப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதன் நேரெதிர் உதாரணம் 1999இல் வந்த கேப்ரியல் நைட் மூன்றாம் பாகம். நண்பரின் பெயரில் பதிவான மோட்டார் சைக்கிளை அவரைப் போல் வேடமிட்டு எடுப்பதற்காக, ஒட்டும் நாடாவில் பூனை முடியைப் பிடித்து, அதைப் பாகால் ஒட்டி மீசை தயாரிக்க வேண்டும். அந்த நண்பருக்கோ மீசையே கிடையாது. அதனால் அவருடைய பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் மீசை வரைந்து வைக்க வேண்டும். இந்தத் தொடரின் கதைகள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, முதல் பாகத்தை அழுத்தமான மர்மக் கதை வேண்டுவோருக்கு இன்றும் பரிந்துரைக்கிறேன். ஆனாலும் இந்தப் புதிரை எவ்வளவு யோசித்தாலும் விடை வராது, ஏனென்றால் யோசித்து எட்டக்கூடிய பாதை அதில் இல்லை.

விடை பார்ப்பது தவறா என்ற கேள்விக்கு இங்கிருந்தே பதில் சொல்லலாம். பையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் திரையில் உள்ள ஒவ்வொன்றின் மீதும் வரிசையாக வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் யோசனை நின்றுவிட்டது என்று பொருள். அப்போது விளையாட்டை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நடக்கும்போதோ தூங்கப் போகும்போதோ விடை தானாக உதிப்பது இந்த விளையாட்டுகளில் அடிக்கடி நடக்கும். மறுநாளும் நகராவிட்டால் உதவி தேடலாம், ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா விடைகளையும் சொல்லும் வழிகாட்டியை, அதாவது முழு வாக்த்ரூவைத் திறக்காதீர்கள். அதில் ஒரு வரியைத் தேடும் கண் அடுத்த ஐந்து புதிர்களின் விடையையும் சேர்த்துப் படித்துவிடும். ஒரு கேள்விக்கு முதலில் மெல்லிய குறிப்பு, பிறகு அதைவிடத் தெளிவான குறிப்பு, கடைசியில் விடை என்று அடுக்கடுக்காகத் தரும் தளங்கள் இருக்கின்றன, அவற்றையே நாடுங்கள். கில்பர்ட்டும், மேனியாக் மேன்ஷனை அவரோடு சேர்ந்து உருவாக்கிய கேரி வின்னிக்கும் 2017இல் வெளியிட்ட திம்பிள்வீட் பார்க்கில், விளையாட்டுக்குள் இருக்கும் தொலைபேசியிலேயே குறிப்பு கேட்கும் வசதி இருக்கிறது. புதிர்கள் குறைந்த எளிய முறை ஒன்றும் உண்டு.

மெஷினேரியத்தையும் டே ஆஃப் த டென்டக்கிளையும் முடித்த பிறகு எங்கே போவது என்பது உங்கள் ரசனையைப் பொறுத்தது. துப்பறியும் கதைகள் பிடிக்குமென்றால், பாரிஸ் நகரத்துக் காபிக்கடை ஒன்றில் குண்டு வெடிப்பதில் தொடங்கும் ப்ரோக்கன் ஸோர்ட் முதல் பாகம் (1996). அயர்லாந்தில் ஓர் ஆடு வழிமறிக்கும் இடம் மட்டும் அநியாயம்; அதுவரை எங்குமே கேட்காத வேகத்தைத் திடீரென்று கேட்கும், அங்கே தயங்காமல் குறிப்பைப் பாருங்கள். உரையாடலும் தேர்வுகளும் முக்கியம் என்பவர்களுக்கு வாட்ஜெட் ஐ நிறுவனத்தின் அன்அவவுட் (2018): எந்தத் தோழர்களை உடன் அழைத்துப் போகிறோம் என்பதற்கேற்ப ஒரே சிக்கலுக்கு வேறு வேறு தீர்வுகள் கிடைக்கும். இறந்தவர்களின் உலகில் நடக்கும் கிரிம் ஃபாண்டாங்கோவை அதன் எழுத்துக்காகவே ஆட வேண்டும். 1998இல் வந்த மூலப் பதிப்பில் மவுஸ் பயன்படாது, 2015இன் புதுப்பதிப்பில் பயன்படும். பொருள்களைச் சேர்த்து இணைப்பதில் ஆர்வம் இல்லை, தர்க்கம் மட்டும் போதும் என்றால் த கேஸ் ஆஃப் த கோல்டன் ஐடல் (2022): உறைந்து நிற்கும் ஒரு காட்சியைத் துருவிப் பெயர்களையும் சொற்களையும் சேகரித்து, நடந்தது என்ன என்பதைக் காலியிடங்களில் நிரப்ப வேண்டும்.

மிஸ்ட் (1993) பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள். பல ஆண்டுகள் உலகிலேயே அதிகம் விற்ற கணினி விளையாட்டாக அது இருந்தது. பேச ஆளில்லாத தீவில் நெம்புகோல்களும் குறியீடுகளும் மட்டுமே துணை. பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, பார்த்த ஒவ்வொரு குறியையும் வரைந்துகொள்ளும் பொறுமை உங்களுக்கு இருந்தால் அது ஈடற்ற அனுபவம். இல்லாதவர்கள் முதல் மணி நேரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

எதை ஆடினாலும் முடிந்தால் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆடுங்கள். மவுஸைப் பிடித்திருப்பவரின் கண் பொருள்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கை சும்மா இருப்பவர்தான் அரைமணி நேரத்துக்கு முன் ஒரு பாத்திரம் சொன்ன வாக்கியத்தை நினைவுபடுத்துவார். என் அக்காவுக்கு மவுஸைத் தொடும் ஆசையே கிடையாது. நாங்கள் சேர்ந்து ஆடிய விளையாட்டுகளில் கடினமான முடிச்சுகளைப் பெரும்பாலும் அவிழ்த்தவர் அவர்தான்.

செலவில்லாமல் இந்த வகை ஒத்துவருகிறதா என்று பார்க்க விரும்பினால், 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கையை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள். பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினிகளிலும் கைபேசிகளிலும் இயக்கும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளின் தளத்திலிருந்தே அதைத் தரவிறக்கலாம். அதில் நாயகன் இறக்கும் இடங்கள் சில உண்டு, ஆகையால் அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள்.