பஃபலோ விங்ஸுக்கு அமெரிக்காவில் ஏன் இவ்வளவு மவுசு? வீட்டில் செய்தால் அந்தச் சுவை வருமா?

பஃபலோ விங்ஸ் என்றால் கோழி இறக்கையைப் பொரித்துக் கார சாஸில் புரட்டியது. வீட்டில் தாராளமாக வரும். செய்முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

மவுசுக்குக் காரணம் காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆந்திரா மெஸ் பருப்புப்பொடிக்குப் பழகிய நாக்குக்கு அது ஒரு காரமே இல்லை. அந்த சாஸ், கெயன் மிளகாயை ஊறவைத்து வினிகர் சேர்த்து அரைத்த புளிப்புச் சாற்றில் வெண்ணெய் உருக்கிக் கலந்தது, அவ்வளவுதான். புளிப்பு, உப்பு, கொழுப்பு மூன்றும் சேர்ந்து அடுத்த துண்டுக்குக் கை நீள வைக்கும். பக்கத்தில் பீர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பிறந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். அங்கே ஆங்கர் பார் என்ற கடையில் 1964-இல் தெரெஸா பெல்லிசிமோ முதலில் செய்தார் என்பது பரவலான கதை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கதை ஒன்றாக இல்லை. வேறு துண்டுகள் கேட்டதற்கு இறக்கையைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்கள், வீணாக்க மனமில்லாமல் செய்தோம் என்றார் கணவர் ஃபிராங்க். மகன் டொமினிக் சொன்னது வேறு: வெள்ளிக்கிழமை இரவு, கத்தோலிக்கர்கள் கறி தொடாத நாள், பன்னிரண்டு மணி தாண்டியதும் நண்பர்கள் சாப்பிட அம்மா செய்து கொடுத்தார் என்பது.

அதே காலத்தில், அதே ஊரில், ஜான் யங் என்ற கறுப்பினத்தவர் இறக்கையை வெட்டாமல் முழுசாக மாவில் புரட்டிப் பொரித்து, ‘மம்போ’ சாஸ் ஊற்றி விற்றுக்கொண்டிருந்தார். அவர் பெயர் வெகுகாலம் வெளியே தெரியவில்லை. என்னைக் கேட்டால், விங்ஸுக்கென்றே கடை நடத்தியவருக்குத்தான் முதல் மரியாதை.

அப்புறம் விலை. அந்தக் காலத்தில் இறக்கை சூப்புக்குப் போகிற மலிவுத் துண்டு. 1980-களில் அமெரிக்கர்கள் எலும்பில்லாத நெஞ்சுக்கறிக்கு மாறியதும் இறக்கை மலையாய்த் தேங்கியது. மதுக்கடைக்காரர்களுக்கு அது யோகம்: மலிவாக வாங்கி, உப்பும் காரமுமாகக் கொடுத்தால் பீர் தானாக ஓடும். கடைகளில் டிவியில் விளையாட்டு பார்க்கும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, இப்போது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் வார இறுதியில் மட்டும் 140 கோடிக்கு மேல் இறக்கைகள் தீர்வதாகக் கோழித் தொழில் சங்கம் மதிப்பிடுகிறது. கோழிக்கு இரண்டே இறக்கை என்பதால் விலையும் ஏறி, சில சமயம் மொத்த விலையில் நெஞ்சுக்கறியையே தாண்டியிருக்கிறது.

அந்த விலைக்கு வந்த மாற்றுதான் ‘போன்லெஸ் விங்ஸ்’. அது இறக்கையே அல்ல, நெஞ்சுக்கறியை வெட்டி மாவில் பொரித்தது. அதில் எலும்பு சிக்கித் தொண்டையில் குத்தியதாக ஒருவர் தொடுத்த வழக்கில், போன்லெஸ் என்பது சமைக்கும் பாணியைக் குறிக்கிறதே தவிர எலும்பே இருக்காது என்ற உத்தரவாதம் அல்ல என்று 2024-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, செய்முறை. கறிக்கடையில் தோலோடு கேளுங்கள். நம் ஊரில் கேட்காவிட்டால் உரித்துத்தான் தருவார்கள், தோல் இல்லையென்றால் விங்ஸே இல்லை. நுனியைச் சூப்புக்கு ஒதுக்கிவிட்டு மீதியை மூட்டில் இரண்டாக வெட்டுங்கள். ஈரம் போகத் துடைப்பது ரொம்ப முக்கியம். பஃபலோவில் மாவு, மசாலா எதுவும் தடவுவதில்லை. நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், தோல் பொன்னிறமாகி மொறுமொறுவென்று ஆகும்வரை பொரித்தால் போதும். ஓவன் இருப்பவர்கள் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடரும் உப்பும் தூவி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்து, 220 டிகிரியில் சுடலாம். சோடா உப்பைப் போட்டுவிடாதீர்கள், வாயில் வைக்க முடியாது.

சாஸுக்குக் கெயன் சாஸும் வெண்ணெயும் ஏறக்குறைய சம அளவு. தொட்டுக்கொள்ள ப்ளூ சீஸ் என்ற நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி, கடித்துக்கொள்ள செலரித் தண்டு. ப்ளூ சீஸ் வாடை பிடிக்காவிட்டால் கெட்டித் தயிரில் பூண்டு தட்டிப் போட்டாலும் நன்றாகவே இருக்கும், பஃபலோக்காரர்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். பொரித்ததைச் சாஸில் புரட்டிய உடனே சாப்பிட்டுவிட வேண்டும், வைத்தால் தோல் நமுத்துப்போகும். கடையில் பார்சல் வாங்கினாலும் சாஸைத் தனியாகக் கட்டித்தரச் சொல்லுங்கள்.