எனக்கு ஒரு வரி, கிரிக்கெட்டுக்கு ஒரு பக்கம்

கேள்வி: என் அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பீரோவை ஒழித்தபோது அவருடைய 2016 டைரி கிடைத்தது. அந்த டிசம்பர் 13 விடியற்காலையில்தான் என் மகள் பிறந்தாள். சிசேரியன், எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவந்தது. அன்றைய பக்கத்தில் அப்பா எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘4.20. பெண். 2.6 கிலோ.’ மற்ற நாட்களில் ஜெயலலிதா மறைவு, புயல், பணக் கணக்கு. 19-ம் தேதி மட்டும் பக்கம் முழுக்கக் கிரிக்கெட் வீரர் கருண் நாயர். அண்ணன் அப்போது வெளியூரில் இருந்தான். அம்மாவிடம் சொன்னால் “அவர் அப்படித்தான்” என்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மாதப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இதையெல்லாம் என் மகளுக்கு எப்போது காட்டலாம்?
- பெயர் வேண்டாம், தாம்பரம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களை மூன்று முறை படித்தேன். உங்கள் வருத்தம் நியாயமானதுதான். தன் மகளான நீங்கள் உயிருக்குப் போராடிய இரவைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கங்களில் நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன சில இடங்கள் இருக்கின்றன.

முதலில் 5-ம் தேதி. ஜெயலலிதா பற்றிய வரிகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘பால், மெழுகுவத்தி, மாத்திரை வாங்கியாச்சு. ஆட்டோக்காரரிடம் சொல்லிவைத்தேன்’ என்று இருக்கிறது. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலையில் சில தொலைக்காட்சிகள் அவசரப்பட்டு மறைவுச் செய்தியைச் சொல்லிவிட்டன. கட்சி அலுவலகத்தில் அரைக்கம்பத்துக்கு இறக்கிய கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். கடைகளின் ஷட்டர்கள் மளமளவென்று இறங்கின. பேருந்து ஓடுமா, ஊர் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. இரவு 11.30-க்கு உயிர் பிரிந்ததாக அறிவிப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. நிறைமாதப் பெண்ணை வீட்டில் வைத்திருந்த தகப்பனுக்கு அது வெறும் அரசியல் செய்தியாகவா இருந்திருக்கும்? அவர் ஆட்டோவுக்குச் சொல்லிவைத்தது உங்களுக்காகத்தான்.

அடுத்து, நீங்கள் ‘பணக் கணக்கு’ என்று ஒதுக்கிய பகுதி. 7-ம் தேதி ‘வங்கி. 3 மணி நேரம். 6,000’. 9-ம் தேதி ‘மறுபடி. 4 மணி நேரம். 4,000’. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாரத்துக்கு 24,000 ரூபாய் எடுக்கலாம் என்பது விதி. கவுன்ட்டருக்குப் போனால் கையிருப்பைப் பொறுத்துத்தான் கொடுப்பார்கள். தனியார் மருத்துவமனைகள் பழைய நோட்டை வாங்கவில்லை. 10-ம் தேதி இரண்டாம் சனி, 11 ஞாயிறு. 12-ம் தேதி திங்களன்று வர்தா புயல் வந்துவிட்டது. அவர் எதற்காக அத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பிரசவச் செலவுக்குச் சேர்த்த பணம் அது. 13-ம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில் ‘கட்டியது 9,000’ என்று இருக்கிறது, பாருங்கள்.

அந்த 13-ம் தேதியையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் அடித்த காற்றில் நகரமெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. உங்கள் அண்ணன் வெளியூரில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரத்தத்துக்கும் மருந்துக்கும் யார் அலைந்தது? அன்றைக்கு அவர் டைரியைத் திறந்ததே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, கிரிக்கெட்டுக்கு வருகிறேன். 19-ம் தேதிப் பக்கம் ‘கரண்ட் வந்தது’ என்று தொடங்குகிறது. அதற்குள் நீங்களும் குழந்தையும் வீடு திரும்பியாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அவர் நிம்மதியாக உட்கார்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். புயலில் அடிபட்ட சேப்பாக்கம் மைதானத்தில் தணல் வைத்து ஆடுகளத்தை உலர்த்தி அந்த டெஸ்டை நடத்தினார்கள். தன் மூன்றாவது டெஸ்டில் ஆடிய கருண் நாயர் காலையில் 71 ரன்னுடன் இறங்கி, மாலைக்குள் 303. இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. சேவாக்குக்குப் பிறகு முச்சதம் அடித்த இரண்டாவது இந்தியர். இதையெல்லாம் உங்கள் அப்பா பந்துக் கணக்கோடு எழுதியிருக்கிறார். கடைசியில் இரண்டு வரி: ‘ஜூலையில் கேரளாவில் படகு கவிழ்ந்து தப்பித்த பையன். உயிர் பிழைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.’

ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர் இந்த வரியை ஏன் எழுத வேண்டும்? ஆறு நாட்களுக்கு முன் அவர் மகளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வரி உங்களைப் பற்றியதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் படிப்பேன். பயத்தை நேராக எழுதத் தெரியாத ஆண்கள் அந்தத் தலைமுறையில் நிறைய. என் அப்பாவும் அப்படித்தான். என் கல்யாணத்தன்று பந்தல்காரர் கணக்கை மட்டும் எழுதிவைத்தார். எனக்கும் பல வருடம் அது உறுத்தியது.

இப்போது ஒரு வேலை சொல்கிறேன். அம்மாவிடம் “அப்பா ஏன் எழுதவில்லை” என்று கேட்காதீர்கள். “12-ம் தேதி ராத்திரி அப்பா எங்கே போனார், எப்படித் திரும்பி வந்தார்” என்று கேளுங்கள். “அவர் அப்படித்தான்” என்பதற்குமேல் நிறையப் பேசுவார். அவர் சொல்வதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், டைரியில் எதையும் சேர்க்க வேண்டாம். அந்த ஆட்டோக்காரர் இன்னும் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். கேட்ட பிறகும் வருத்தம் மிச்சம் இருந்தால், அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

மகளுக்கு எப்போது காட்டலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இந்த டிசம்பரிலேயே காட்டலாம். 13-ம் தேதிப் பக்கத்தை மட்டும் காட்டாமல் 5-ல் தொடங்கி 19 வரை வரிசையாக, நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.