விமானப் பணிப்பெண்ணைக் கல்யாணம் செய்தால் குடும்பம் ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், பெண் கேபின் க்ரூ (விமானப் பணிப்பெண்), வீட்டில் அம்மா தயங்குகிறார் என்று நினைக்கிறேன். ஒத்துவரும் தம்பி. என் மனைவிக்கு அதே வேலைதான். அவளுக்கு பேஸ், அதாவது டியூட்டிக்குக் கிளம்பித் திரும்புகிற ஊர், சென்னை. எனக்கு மதுரை திருநகரில் எலெக்ட்ரிக்கல் கடை. மகள் என்னோடும் அவளுடைய அப்பத்தாவோடும் வளர்கிறாள்.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) கைக்கு வரும்வரை எந்த விசேஷத்துக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஸ்டாண்ட்பை, அதாவது கூப்பிட்டால் உடனே போக வேண்டிய டியூட்டி, போட்டிருந்தால் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘ஊழியர் டிக்கெட் இருக்கே, நினைச்சா பறந்து வந்துடலாமே’ என்பார்கள். அது சீட் காலி இருந்தால் மட்டும்தான். முகூர்த்த நாளில் மதுரை ஃப்ளைட்டில் காலி சீட்டுக்கு எங்கே போவது? இரவெல்லாம் பறந்தவள் மதியம் வரை தூங்கினால் அதற்கும் சொந்தக்காரர்கள் ஒரு பேச்சு வைத்திருப்பார்கள்.

மகளுக்கு அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் காது குத்து வைத்தோம். மனைவி முன்கூட்டியே லீவு கேட்டும், ரோஸ்டரில் முந்தைய நாள் டியூட்டி விழுந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள், மேலே ஒப்புதல் வரவில்லை. டியூட்டியை முடித்துவிட்டு வந்தால் கடைசி ஃப்ளைட் நிரம்பிவிட்டது. ஆம்னி பஸ் பிடித்து விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கி, அப்படியே கோவிலுக்கு வந்தாள். சேலை மாற்றியாகிவிட்டது, கொண்டையை அவிழ்க்க நேரமில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை, ஆசாரி கம்பியை எடுக்கும்வரை அம்மா கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மாமன் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தது. காது குத்தியபோது அழுதது கொஞ்ச நேரம்தான்.

பந்தியில் என் சித்தப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “பெத்த புள்ளைக்குக் காது குத்தக்கூட லீவு கிடைக்காத வேலை என்னா வேலை?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா சாம்பார் வாளியோடு நின்றபடியே கேட்டார்: “நீ பட்டாளத்துல இருந்தப்ப உன் மகனுக்குக் காது குத்துனோமே, அன்னைக்கு நீ எங்கப்பா இருந்த? யாராச்சும் உன்னை ஒரு வார்த்தை கேட்டோமா?” சித்தப்பா ஒன்றும் பேசவில்லை.

‘எல்லாருக்கும் இப்படி ஒரு மாமியார் கிடைப்பாரா’ என்று கீழே எழுத வருவீர்கள். கிடைக்காமல் போகலாம். அதற்காக வேலையைப் பழிப்பது நியாயமா? சாப்பாடு பரிமாறுகிற வேலை என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். விபத்து என்றால் பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 விநாடியில் ஆட்கள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அந்த ரக விமானத்துக்கே அனுமதி. வெளியேற்றுவது இவர்கள் பொறுப்பு. ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று ஒரு விதியே இருந்தது. 1981ல் உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குக் கல்யாணம் கூடாது என்ற விதியை அப்போதும் விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் கர்ப்பம் உறுதியானால் பறக்க முடியாது. பிள்ளையின் நலனுக்கு அது சரிதான். ஆனால் பறந்தால் கிடைக்கிற அலவன்ஸும் அதோடு நின்றுவிடும், அதைக் கணக்குப் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் மதுரை விமான நிலையம் 24 மணி நேரமும் இயங்க ஆரம்பித்ததே 2024ல்தான். ஓடுதளத்தை நீட்டும் பேச்சு எத்தனை வருடமாக ஓடுகிறது! நிலம் எடுப்பதிலேயே காலம் போய்விட்டது. இங்கே நிறைய விமானங்கள் வந்து இரவு தங்கினால் என்றைக்காவது மதுரையிலும் பேஸ் வரும், என் மகள் தினமும் அம்மாவைப் பார்ப்பாள் என்ற ஆதங்கம் எனக்கு.

தம்பி, பெண்ணிடம் நேரில் பேசுங்கள். பேஸ் எந்த ஊர், ஒரே நாளில் போய்த் திரும்பும் ஃப்ளைட்டா, வெளியூரில் இரவு தங்குகிற ஃப்ளைட்டா என்று கேளுங்கள். பிள்ளைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் நீங்கள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வீர்களா என்று அவள் கேட்பாள். அதற்குப் பதிலை யோசித்துக்கொண்டு போங்கள்.