பேச்சு வருவதற்கு முன்பே நியாயம் தெரியுமா?

கேள்வி: மொழி இல்லாமல் சிந்தனை இல்லை. சிந்தனை இல்லாமல் நல்லது கெட்டது பிரித்தறிய முடியாது. அப்படியிருக்க, பேசத் தெரியாத குழந்தைக்கும் விலங்குக்கும் அறவுணர்வு இருப்பதாகச் சொல்வது வெறும் கற்பனைதானே? எந்த மொழியும் கிடைக்காமல் வளர்ந்த மனிதருக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்காது என்றுதானே ஆகிறது?

பதில்: உங்கள் முதல் வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஆட்டம் கண்டால் மற்றவையும் நிற்காது. மூளையின் மொழிப் பகுதி கடுமையாகச் சேதமடைந்து, ஒரு வாக்கியத்தைக் கோக்கவோ புரிந்துகொள்ளவோ முடியாமல் போனவர்களை ஆராய்ந்தவர் ரோஸ்மேரி வார்லி. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. எது எதனால் நடந்தது என்று அவரால் கணிக்க முடிந்தது. இன்னொருவர் ஒரு விஷயத்தைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதையும் கண்டுகொள்ள முடிந்தது. இலக்கணம் போய்விட்டது, யோசனை போகவில்லை. 'அவர் ஒரு காலத்தில் மொழி அறிந்தவர்தானே' என்று கேட்பீர்கள். சரியான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

குழந்தைகளை வைத்து உங்களை மடக்க நான் விரும்பவில்லை. 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கண்கள் வைத்த ஒரு மரப்பொம்மை மேடேறத் திணறுகிறது. வேறொரு பொம்மை அதை மேலே தள்ளி உதவுகிறது, மூன்றாவது பொம்மை கீழே தள்ளிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த 6 மாதக் குழந்தைகள் 12 பேருமே உதவிய பொம்மையைத்தான் எடுத்தார்கள். உலகமே சிலிர்த்தது. பிற்பாடு பல நாட்டு ஆய்வகங்கள் கூட்டாக 500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதையே செய்துபார்த்தபோது, உதவியவரை எடுத்தவர்கள் பாதிக்குப் பாதிதான். எனக்குப் பிடித்த முடிவு என்பதற்காகப் பழைய சோதனையை மட்டும் காட்டினால் அது நேர்மையாகாது.

என்னை உறுதியாக நிற்கவைப்பது வேறொன்று. 1964இல் ஜூல்ஸ் மாஸர்மேனும் அவருடன் பணியாற்றியவர்களும் ரீசஸ் குரங்குகளைப் பற்றி எழுதியது. சங்கிலியை இழுத்தால் தீனி விழும் என்று குரங்கு பழகிக்கொள்கிறது. மொத்தம் இரண்டு சங்கிலிகள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். இப்போது அதை இழுத்தால் தீனியும் வரும், கண்ணாடிக்கு அப்பால் தெரிகிற இன்னொரு குரங்குக்கு மின்சார அதிர்ச்சியும் போகும். பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியை விட்டு விலகின. ஒரு குரங்கு 5 நாளும், இன்னொன்று 12 நாளும் எந்தச் சங்கிலியையும் தொடாமல் பட்டினி கிடந்தன. (இப்படியொரு சோதனையை இன்று யாரும் அனுமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

'எதிரே கேட்ட அலறல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்' என்று சொல்லலாம். ஆனால் தானே முன்பு அந்த அதிர்ச்சியை அனுபவித்த குரங்குகளும், எதிரே இருந்ததோடு ஒரே கூண்டில் வாழ்ந்தவையும் அதிகமாக மறுத்தன. சத்தத்திலிருந்து தப்பிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், பட்ட அனுபவமும் பழகிய முகமும் ஏன் கணக்கில் வர வேண்டும்? ஒரு பக்கம் தன் பசி, மறுபக்கம் அடுத்ததன் வலி. இரண்டையும் நாள் கணக்கில் எடைபோட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது அந்த உயிர். இதைச் சிந்தனை என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மொழி உள்ளவர்களையும் பாருங்கள். 1963இல் வெளியான ஸ்டான்லி மில்கிராமின் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 40 பேர். இன்னொருவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார்கள். அடுத்த அறையில் இருப்பவருக்கு உண்மையிலேயே மின்சாரம் பாய்கிறது என்று நம்பிக்கொண்டு, கடைசி அளவான 450 வோல்ட் வரை போனவர்கள் 26 பேர். அவர்களுக்குச் சொற்பஞ்சம் கிடையாது. 'இது சரியில்லை, நிறுத்திவிடலாம்' என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் அதில் உண்டு. சோதனை நடத்தியவர் தொடரச் சொன்னதும் கை அடுத்த விசைக்குப் போனது. மனிதனைவிடக் குரங்கு உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரிவதை நீங்கள் மனசாட்சிக்கு நிபந்தனையாக வைக்கிறீர்கள், அதைத்தான் மறுக்கிறேன்.

அப்படியானால் மொழியால் என்னதான் பயன்? நிறைய உண்டு. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் காது கேளாத பிள்ளைகளை 1970களின் இறுதியில் முதன்முறையாக ஒரே பள்ளியில் சேர்த்தபோது, அவர்களுக்குள்ளேயே ஒரு புதிய சைகை மொழி பிறந்தது. முதலில் வந்தவர்களிடம் 'நினைக்கிறார்', 'அவருக்குத் தெரியாது' போன்றவற்றுக்கான சைகைகள் மிகக் குறைவு. அவர்கள் பெரியவர்களான பிறகு ஜென்னி பையர்ஸும் ஆன் செங்காஸும் சோதித்தார்கள். ஒருவன் பொருளை ஒளித்துவைத்துவிட்டுப் போகிறான், இன்னொருவன் அதை இடம் மாற்றிவிடுகிறான், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? இதில் அவர்கள் பெரும்பாலும் தடுமாறினார்கள். தெரியாமல் செய்ததையும் வேண்டுமென்றே செய்ததையும் பிரித்துப் பழிசொல்ல இந்தக் கணிப்பு வேண்டும். அது வளர மொழி பெரிய உதவி. கட்டடம் எழும்புகிறவரை சாரம் வேண்டும், எழுந்த பிறகு பிரித்துவிட்டாலும் நிற்கும். வார்லி சோதித்த மனிதர் மொழி போன பிறகும் கணித்தது இப்படித்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் கடைசி வரி. அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த நிகரகுவா மனிதர்கள் தடுமாறியது, அடுத்தவர் என்ன நம்புகிறார் என்ற ஒரு கணிப்பில். அடுத்தவரின் வலி அவர்களை உலுக்குமா என்று அங்கே யாரும் சோதிக்கவே இல்லை. மனசாட்சியே இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் எதை வைத்துப் போகிறீர்கள்? சுமார் 2 ஆண்டுகளில், இளைய தலைமுறையோடு கூடிப் பழகியதில், அவர்களில் பலருக்கு அந்தச் சைகைகள் வந்தன. கணிப்பும் கூடவே வந்தது. அப்போது அவர்கள் சிறு பிள்ளைகள் அல்ல, வளர்ந்த பெரியவர்கள்.